ஜான் சப்பேயின் மலைத்தொடர் ஆய்வு: இரண்டு கோணங்களால் வந்த மாற்றம்

கேள்வி இது: மலைத்தொடர்கள் எப்படி உருவாகின்றன என்று ஆராய்ந்த ஒரு நிலவியலாளரின் பணி, துறையில் உண்மையிலேயே என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று எப்படிக் கண்டுகொள்வது? மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்தால் போதுமா? யாராவது ஒருவரை எடுத்துக்கொண்டு விளக்க முடியுமா?

போதாது. நிலவியலில் புகழ்பெற்ற கட்டுரை ஒன்றை முன்னுரையின் முதல் பத்தியில் பெயர் சொல்லிவிட்டு, அதன் பிறகு அதைத் தொடாமலேயே முடிக்கிற கட்டுரைகள் ஏராளம். அவையும் எண்ணிக்கையில் சேர்ந்துவிடும். பார்க்கவேண்டியது வேறு: அந்த ஆய்வு மற்றவர்கள் கையில் ஒரு அளவுகோலைக் கொடுத்ததா? அதைத் தங்கள் களத்தில் வைத்துப் பார்த்து 'பொருந்துகிறது' அல்லது 'பொருந்தவில்லை' என்று அவர்களால் சொல்ல முடிந்ததா? இந்தக் கேள்விக்கு நல்ல எடுத்துக்காட்டு ஜான் சப்பே. அமெரிக்கர், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றி, பிறகு தைவானிலும் ஹூஸ்டனிலும் தொடர்ந்தவர். அவருடைய களம் தைவான். 1983-ல் அவர் பெயரில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று டான் டேவிஸ், டோனி டாலன் ஆகியோருடன் எழுதிய 'ஆப்பு' கட்டுரை. மற்றது தனியாக எழுதிய மடிப்பு வடிவியல் கட்டுரை. ஒன்று மலைத்தொடர் முழுவதையும் பற்றியது, மற்றது ஒற்றை மலைமுகட்டைப் பற்றியது. இரண்டிலுமே மையத்தில் இருப்பது அளக்கக்கூடிய கோணங்கள்தான்.

முதலில் ஆப்பு. அதற்கு முன் பழைய சிக்கல் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆல்ப்ஸிலும் ராக்கி மலைகளிலும் சில கிலோமீட்டர் தடிமனும் நூறு கிலோமீட்டர் அளவுக்கு நீளமும் கொண்ட பாறைத் தகடுகள், தங்களுக்குக் கீழே உள்ள பாறைமீது வெகுதூரம் நகர்ந்து வந்திருக்கின்றன. பின்னாலிருந்து தள்ளினால் இப்படி நகருமா? எளிய கணக்கு: பாறையின் அமுக்க வலிமை 250 மெகாபாஸ்கல், அடர்த்தி கன மீட்டருக்கு 2,500 கிலோ, அடியில் உராய்வுக் கெழு 0.6 என்று வையுங்கள். தள்ளக்கூடிய அதிகபட்ச நீளம் சுமார் 17 கி.மீ. அதற்கு மேல் தள்ளினால் தகடு நகராது, பின்பக்கம் நொறுங்கிவிடும். 1909-லேயே ஸ்மொலுகோவ்ஸ்கி இந்த முரண்பாட்டை எழுதிவிட்டார். 1959-ல் ஹபர்ட்டும் ரூபியும் ஒரு தீர்வு சொன்னார்கள்: பாறைத் துளைகளில் அடைபட்ட நீரின் அழுத்தம் மேலே உள்ள பாறையின் எடையில் பெரும்பங்கைத் தாங்கிக்கொள்கிறது, அதனால் உராய்வு குறைகிறது. பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் தகடு செவ்வகமாக இருக்கிறது என்ற அனுமானத்தை யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

உண்மையில் மலைத்தொடரின் குறுக்குவெட்டு செவ்வகம் அல்ல, ஆப்பு. முன்பக்கம் மெலிந்தும் பின்பக்கம் தடித்தும் இருக்கும். 1978-ல் வில்லியம் சாப்பிள் இந்த வடிவத்தை இயக்கவியலுக்குள் கொண்டுவந்தார், ஆனால் பாறையைக் குழைவுப் பொருளாக எடுத்துக்கொண்டார். டேவிஸ், சப்பே, டாலன் மூவரும் அதை உராய்வுப் பொருளாக மாற்றினார்கள்: ஆழம் கூடக்கூட வலிமையும் கூடுகிற, மணல் போன்ற பொருள். புல்டோசர் தகட்டின் முன் குவியும் மண்ணைப் போலத்தான் மலைத்தொடரும் என்பது அவர்களுடைய படிமம். தள்ளும்போது மண் ஒரு குறிப்பிட்ட சரிவு வரும்வரை உள்ளுக்குள் நொறுங்கி உயரும். அந்தச் சரிவை எட்டியதும் மொத்தமாக வழுக்கும். முன்னால் புது மண் சேர்ந்தால் சரிவு குறையும், மறுபடி உயரும்.

கையால் கணக்கிடும் அளவுக்கு எளிமையாக்கினால் சமன்பாடு இப்படி வரும்:

ஆப்புக்கோணம் = [அடிச்சாய்வு + அடி உராய்வு × (1 − நீரழுத்த விகிதம்)] ÷ [1 + உள்வலிமைக் கெழு × (1 − நீரழுத்த விகிதம்)]

ஆப்புக்கோணம் என்பது தரைச்சரிவும் அடிப்பிளவின் (ஆப்பு எதன்மேல் வழுக்குகிறதோ அந்தப் பிளவின்) சாய்வும் சேர்ந்தது. உள்வலிமைக் கெழு என்பது ஆப்பின் உள்ளே இருக்கும் பாறை நொறுங்காமல் தாங்கும் வலிமையைக் குறிக்கும் எண். கோணங்களை ரேடியனில் போட வேண்டும், அதாவது பாகையை 57.3-ஆல் வகுக்க வேண்டும். பாகையை அப்படியே போட்டுவிட்டு 'சமன்பாடு வேலை செய்யவில்லை' என்று திகைப்பது மாணவர்களிடம் அடிக்கடி நடப்பது. நீரழுத்த விகிதம் என்பது துளைநீர் அழுத்தத்தை மேலுள்ள பாறையின் எடை தரும் அழுத்தத்தால் வகுத்தது. நிலத்தில் சாதாரண நீர்மட்ட அழுத்தம் என்றால் இது ஏறத்தாழ 0.4.

மேற்குத் தைவானுக்கு அவர்கள் எடுத்த எண்கள்: தரைச்சரிவு 2.9 பாகை, அடிச்சாய்வு 6 பாகை, நீரழுத்த விகிதம் எண்ணெய்க் கிணறுகளில் அளந்தபடி 0.675, அடி உராய்வு ஆய்வக அளவீடுகளின்படி 0.85. உள்வலிமைக் கெழு 4.5 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். மேலே 0.105 + 0.276 = 0.381. கீழே 1 + 4.5 × 0.325 = 2.46. விடை 0.155 ரேடியன், அதாவது 8.9 பாகை. அடிச்சாய்வு 6 பாகையைக் கழித்தால் தரைச்சரிவு 2.9. கவனிக்க வேண்டியது: உள்வலிமை இங்கே வெளியிலிருந்து வந்த எண் அல்ல, தைவானின் சரிவோடு பொருந்தும்படி கண்டெடுத்தது. ஆகவே இந்தப் பொருத்தம் தனியாக எதையும் நிரூபிப்பதில்லை. அதே வலிமையை வைத்துக்கொண்டு மற்ற மலைத்தொடர்களுக்கும் கடலடி ஆப்புகளுக்கும் கணிப்பு சொல்ல முடிந்ததுதான் கட்டுரையின் பலம்.

ஒரு எண்ணை மட்டும் மாற்றிப் பார்த்தால் சமன்பாட்டின் குணம் புரியும். நீரழுத்த விகிதத்தை 0.9 ஆக்கினால் தரைச்சரிவு 1.5 பாகைக்கு இறங்குகிறது, 0.4 ஆக்கினால் 3.5-க்கு ஏறுகிறது. பெரிய மாற்றம் இல்லை, ஏனென்றால் அடியும் உள்ளும் சேர்ந்தே பலவீனமாகின்றன. அடியை மட்டும் பலவீனமாக்கினால் கதையே வேறு. அடியில் உப்புப் படுகை இருக்கிறது, அடிச்சாய்வு 1 பாகை, அடியின் செயல்படு உராய்வு, அதாவது சமன்பாட்டில் அடி உராய்வை (1 − நீரழுத்த விகிதம்) என்பதால் பெருக்கிய தொகை, 0.05 என்று கொண்டால், தரைச்சரிவு அரை பாகையைச் சற்றே தாண்டுகிறது. பாகிஸ்தானின் உப்புத் தொடருக்கு வடக்கே உள்ள பொத்வார் மேட்டுநிலம் கிட்டத்தட்டத் தட்டையாக இருந்துகொண்டே முழுதாக நகர்ந்திருப்பது இதனால்தான். 1985-ல் டேவிஸும் எங்கல்டரும் உப்பின் பங்கைத் தனியாகவே எடுத்து எழுதினார்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் இதைச் செய்துபார்ப்பது கடினமல்ல. மூலக் கட்டுரையிலேயே மணல்பெட்டிச் சோதனை உண்டு. பக்கங்கள் கண்ணாடியான நீளப் பெட்டி. அடியில் மைலார் என்ற பிளாஸ்டிக் தாள், அதன்மீது 2 முதல் 3 செ.மீ. தடிமனுக்கு உலர் குவார்ட்ஸ் மணல், பின்னால் அசையாத தடுப்பு. தாளைத் தடுப்பின் அடியாக மெதுவாக இழுக்க வேண்டும். மணலின் உராய்வுக் கெழு சுமார் 0.58, தாளின்மீது 0.30. அடி கிடைமட்டம் என்றால் கணக்கு ஏறத்தாழ 5.7 பாகைச் சரிவைத் தரும். பெட்டியைச் சாய்த்து அடிச்சாய்வை ஒரு பாகை கூட்டினால் தரைச்சரிவு மூன்றில் இரண்டு பாகை குறைய வேண்டும். இந்தக் குறைவைக் காட்டுவதுதான் உண்மையான சோதனை. ஒரே சாய்வில் ஒருமுறை செய்து பார்ப்பதில் பயனில்லை.

இதில் தவறுவது பெரும்பாலும் மூன்று இடங்களில். மணலைக் கொட்டினால் ஒரு அடர்த்தி, சல்லடை வழியாகத் தூவினால் வேறு அடர்த்தி. உராய்வுக் கெழுவும் அதற்கேற்ப மாறும். ஆகவே பெட்டியை நிரப்பும் அதே முறையில் நிரப்பித்தான் உராய்வையும் அளக்க வேண்டும். பெட்டி குறுகலாக இருந்தால் கண்ணாடியோடு உரசும் மணல் பின்தங்கி, ஆப்பின் முன்விளிம்பு வளையும். சரிவை நடுக்கோட்டில் அளக்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்து அளந்தால் எண் கூடுதலாக வரும். கடைசியாக, முதல் ஓரிரு உந்துப்பிளவுகள் (ஒரு பக்கம் மறுபக்கத்தின்மேல் ஏறும் பிளவுகள்) தோன்றியதுமே அளந்துவிடுவது. அப்போது ஆப்பு இன்னும் தன் நிலைச்சரிவை எட்டியிருக்காது. பல பிளவுகள் முன்னேறிய பிறகு, தனித்தனி மேடுகளின் சரிவை விட்டுவிட்டு மொத்தச் சராசரிச் சரிவை எடுக்க வேண்டும். வரைபடத்தில் மலைத்தொடரை அளக்கும்போதும் இதே விதிதான். பள்ளத்தாக்கின் பக்கச் சரிவு 30 பாகை இருக்கலாம். நமக்கு வேண்டியது மலையடியிலிருந்து முகடுவரை பல பத்துக் கிலோமீட்டருக்கான சராசரி.

ஆப்புக் கோட்பாட்டின் மிக அழகான பயன், என் கருத்தில், அரிமானக் கணக்குதான். தைவானில் லூசான் எரிமலை வளைவு என்ற எரிமலைத் தீவு வரிசை சீனக் கண்டவிளிம்பைச் சாய்வாக மோதுவதால், மோதல் வடக்கில் முன்பே தொடங்கி, தெற்கு நோக்கிப் பரவிக்கொண்டிருக்கிறது. 1981-ல் சப்பே இந்தப் பரவலின் வேகத்தைப் பத்து லட்சம் ஆண்டுக்குச் சுமார் 90 கி.மீ. என்று மதிப்பிட்டார். அதாவது தீவின் தென்முனையிலிருந்து வடக்கே ஒவ்வொரு கிலோமீட்டர் போகும்போதும் மலைத்தொடரின் வயதில் ஏறத்தாழ 11,000 ஆண்டுகள் கூடுகின்றன. தெற்கே மலை குறுகலாக இருக்கிறது, வடக்கே போகப்போக அகலமாகிறது, பிறகு சுமார் 90 கி.மீ. அகலத்தில் நின்றுவிடுகிறது. ஏன் நிற்கிறது?

உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கணக்கிட்டார். ஏறத்தாழ 7 கி.மீ. தடிமனுள்ள பாறை, பத்து லட்சம் ஆண்டுக்கு 70 கி.மீ. வேகத்தில் ஆப்புக்குள் வருகிறது: 490 சதுர கி.மீ. குறுக்குவெட்டு. ஆறுகள் ஆண்டுக்குச் சுமார் 5.5 மி.மீ. அரிக்கின்றன, 90 கி.மீ. அகலத்துக்கு, அதே பத்து லட்சம் ஆண்டில்: 495 சதுர கி.மீ. வரவும் செலவும் சமம். மலை உயர்ந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பெரிதாவதில்லை. மழையும் ஆறும் மலையின் மேற்பரப்பைச் செதுக்குகின்றன என்பது யாருக்கும் தெரியும். அவை மலைத்தொடரின் அகலத்தையே தீர்மானிக்கின்றன என்பது அப்போது புதிது. அரிமானம் ஒரு பக்கம் அதிகமானால் ஆப்பின் கோணம் குறைந்து, உள்ளே பிளவுகள் மறுபடி உயிர்பெறும். 1988-ல் டாலனும் சப்பேயும் இதை முழு இயக்கவியலாக எழுதினார்கள். காலநிலைக்கும் மலையாக்கத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அதற்குப் பிறகு நடந்த விவாதங்களில் பெரும்பகுதி இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது கட்டுரை எண்ணெய் நிறுவனங்களின் அன்றாட வேலைக்குள் போனது. பாறை அடுக்குகளின் ஊடாகச் செல்லும் உந்துப்பிளவு ஒரே சாய்வில் போவதில்லை. மென்மையான அடுக்கில் கிடையாகப் போய், வலிய அடுக்கை ஏறிக் கடந்து, மறுபடி மேலே கிடையாகிறது. இந்தப் படிக்கட்டுமீது நகரும் மேல்தகடு மடிந்துதான் ஆக வேண்டும். 1934-ல் ரிச் அப்பலாச்சியாவின் பைன் மலையில் இதைக் காட்டினார். கனடிய ராக்கியில் டால்ஸ்ட்ராம் 1969-ல் 'மடிப்பை விரித்தால் அடுக்கின் நீளம் மாறக்கூடாது' என்ற சமநிலை வெட்டுப்படத்தின் (நிலத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல் வரையும் படத்தின்) விதிகளை வகுத்தார். சப்பே செய்தது, பிளவின் வளைவுக்கும் மடிப்பின் வடிவத்துக்கும் இடையே சரியான கோண உறவைக் கண்டது. அடுக்கின் தடிமன் மாறாது, மடிப்பு கூர்மையாக மடியும், அச்சுத்தளம் (அடுக்குகள் திரும்பும் இடங்களை இணைக்கும் தளம்) இரு பக்க அடுக்குகளுக்கும் நடுவே சமகோணத்தில் இருக்கும் என்ற மூன்று நிபந்தனைகள் போதும்.

ஏறுகோணம் என்பது பிளவு ஏறும் சாய்வு, அச்சுக்கோணம் என்பது முன்பக்க அச்சுத்தளத்துக்கும் அடுக்குக்கும் இடையே உள்ள கோணம். எளிய படிக்கட்டுக்கு விதி இது: ஏறுகோணத்தின் டேன்ஜென்ட், அச்சுக்கோணத்தின் இருமடங்கின் சைனை (1 + 2 × அச்சுக்கோணத்தின் கொசைன் வர்க்கம்) என்பதால் வகுத்ததற்குச் சமம். முன்பக்கச் சாய்வு, 180 பாகையிலிருந்து அச்சுக்கோணத்தின் இருமடங்கைக் கழித்தது. போட்டுப் பார்த்தால், பிளவு 15 பாகையில் ஏறினால் மடிப்பின் முன்பக்கம் சுமார் 16 பாகை சாயும். 20-க்கு 23, 25-க்கு 33, 30-க்கு 60. பின்பக்கச் சாய்வு எப்போதும் ஏறுகோணத்துக்குச் சமம். முன்பக்கம் கடைசி ஐந்து பாகையில் எப்படித் தாவுகிறது பாருங்கள். 30 பாகைக்கு மேல் சமன்பாட்டுக்கு விடையே இல்லை. ஆகவே கிடையான அடுக்கை 40 பாகையில் வெட்டி ஏறும் பிளவை வரைந்து, அதன்மேல் தடிமன் மாறாத எளிய மடிப்பை ஒருவர் வரைந்திருந்தால், படம் தவறு. களத்துக்குப் போகாமலேயே சொல்லிவிடலாம்.

மடிவதற்கும் நகர்வு செலவாகிறது. மேல்கிடைக்குப் போகும் நகர்வை ஏறுபகுதியின் நகர்வால் வகுத்தால், 20 பாகை ஏற்றத்துக்கு 0.87 வருகிறது, 13 விழுக்காடு மடிப்பிலேயே தீர்ந்துபோகிறது. 30 பாகைக்கு 42 விழுக்காடு தீர்ந்துவிடும். மேற்பரப்பில் வெளிப்படும் பிளவில் அளந்த நகர்வையே ஆழத்துக்கும் எடுத்துக்கொள்பவர்கள் இந்த இழப்பைத் தவறவிடுகிறார்கள்.

வெட்டுப்படம் வரைகிற முறை சுருக்கமாக. அடுக்குச் சாய்வு அளவுகளை வரைபடத்தில் குறித்து, ஒரே சாய்வுள்ள பகுதிகளாகப் பிரிக்க வேண்டும். பக்கத்துப் பகுதிகளுக்கிடையே உள்ள எல்லையில் இரு சாய்வுகளின் நடுக்கோணத்தில் அச்சுத்தளத்தைக் கீழ்நோக்கி இறக்க வேண்டும். இரண்டு அச்சுத்தளங்கள் சந்தித்தால் அந்த இடத்தில் நடுப்பகுதி மறைந்து, புது அச்சுத்தளம் ஒன்று புது நடுக்கோணத்தில் தொடரும். இதைத்தான் பலர் மறந்து பழைய கோட்டையே நீட்டிவிடுகிறார்கள். பின்பக்கச் சாய்வு ஏறுபகுதியின் சாய்வைத் தரும், பின்பக்க அச்சுத்தளம் கீழிறங்கிச் சேரும் இடம் பிளவு வளையும் இடத்தைத் தரும். கடைசியில் எல்லா அடுக்குகளின் நீளத்தையும் விரித்து அளந்து ஒப்பிட வேண்டும். மேலடுக்கு ஒன்று கீழடுக்கைவிட நீளமாக வந்தால் எங்கோ ஒரு பிளவு விடுபட்டிருக்கிறது.

வெட்டுக்கோடு நகர்வுத்திசையிலேயே போக வேண்டும். 30 பாகை விலகிப் போனால் உண்மையான 25 பாகைச் சாய்வு 22 ஆகத் தெரியும். மேலே சொன்ன விதிப்படி முன்பக்கக் கணிப்பு 33-இலிருந்து 27-ஐ ஒட்டி இறங்கிவிடும். நில அதிர்வு அலைப்படத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு பொறி: செங்குத்து அளவு நேரத்தில் இருக்கும், கிடை அளவு மீட்டரில் இருக்கும். ஆழத்துக்கு மாற்றி இரண்டு அச்சுக்கும் ஒரே அளவு வைக்காமல் கோணமானியை எடுக்கவே கூடாது.

எல்லா மடிப்பும் இந்த வாய்பாட்டுக்கு அடங்குவதில்லை. பிளவின் நுனிக்கு முன்னால் உருவாகும் மடிப்புக்கு 1990-ல் சப்பேயும் மெட்வெடெஃபும் தனி வடிவியல் தந்தார்கள். முன்பக்கம் கூர்மையாக மடியாமல் விசிறிபோல் பரவும் இடங்களுக்கு 1991-ல் எர்ஸ்லெவ் வேறு மாதிரி கொடுத்தார், அதில் தடிமன் மாறலாம். பின்பக்கச் சாய்வு ஏறுபகுதியைவிடக் குறைவாக இருக்கும் மடிப்புகள் பல. அடியில் ஒரு மெல்லிய அடுக்கு சறுக்கிச் சிதைந்தால் அப்படி ஆகும் என்று 2004-ல் சப்பேயும் கூட்டாளிகளும் எழுதினார்கள். தன் முதல் மாதிரிக்கு எதிராக வந்த அளவீட்டை விதிவிலக்கு என்று ஒதுக்காமல் புது மாதிரியாக்குவது அவருடைய வழக்கம்.

இந்த வடிவியல் எண்ணெயைத் தாண்டி உயிர்களைத் தொட்டது கலிஃபோர்னியாவில். 1983-ல் கோலிங்கா, 1987-ல் விட்டியர் நாரோஸ், 1994-ல் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கங்கள், தரையில் கோடாகத் தெரியாத மறைவுப் பிளவுகளில் நடந்தவை. பிளவு தெரியாது, ஆனால் அதன்மேல் உள்ள மடிப்பு தெரியும். மடிப்பின் வடிவத்திலிருந்து பிளவின் ஆழத்தையும் சாய்வையும் எடுக்கலாம். மடியும்போதே மேலே படிந்துகொண்டிருந்த அடுக்குகளிலிருந்து வேகத்தையும் எடுக்கலாம். பழைய அடுக்கில் மடிந்த பட்டை அகலமாக இருக்கும், மேலே போகப்போகக் குறுகி முக்கோணமாக முடியும். 2,00,000 ஆண்டு வயதுள்ள அடுக்கில் பின்பக்கப் பட்டையின் அகலம், அடுக்குவழியே அளந்தால், 600 மீட்டர் என்று வைத்தால், பிளவின் நகர்வு ஆண்டுக்கு 3 மி.மீ. சப்பேயின் மாணவர் ஜான் ஷா இந்த முறையை லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு அடியில் பயன்படுத்தினார். 1999-ல் ஷாவும் ஷியரரும் புவென்டே ஹில்ஸ் மறைவுப் பிளவை அடையாளம் காட்டினார்கள். 2003-ல் டோலனும் கூட்டாளிகளும் அதன்மேல் உள்ள இளம் படிவுகளைத் துளையிட்டு, கடந்த 11,000 ஆண்டுகளில் 7-ஐத் தாண்டிய பெரிய நிலநடுக்கங்கள் குறைந்தது நான்கு நடந்திருக்கின்றன என்று காட்டினார்கள்.

ஷாவின் மாணவி ஜூடித் ஹப்பார்ட், 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு கோர்க்கா நிலநடுக்கத்தை இதே கண்ணோடு பார்த்தார். இமயமலைக்கு அடியில் உள்ள பெரும் உந்துப்பிளவு கிடை, ஏற்றம், கிடை என்று போகிறது. உடைவு பரவியதும் நின்றதும் இந்த ஏறுபகுதிகள் அமைந்த இடங்களைப் பொறுத்தது என்பது அவரும் குழுவும் 2016-ல் முன்வைத்த வாதம். மூன்று தலைமுறை ஆசிரிய மாணவர் தொடர்ச்சி இது. மேற்கோள் பட்டியலில் இது தெரியாது, ஏனென்றால் மூன்றாம் தலைமுறை முதல் தலைமுறையின் கட்டுரையைச் சொல்லாமலேயே அதன் முறையைப் பயன்படுத்துகிறது.

இனி, எங்கே தோற்றது. 1983 ஆப்புக் கட்டுரையின் பலவீனமான கண்ணி 0.85 என்ற அடி உராய்வு. அது கைப்பிடிக் கல்லை ஆய்வகத்தில் அழுத்தி எடுத்த எண். களத்துப் பிளவும் அப்படித்தான் என்பது வெறும் அனுமானம். 1999 செப்டம்பர் 21 அன்று 7.6 அளவு சீ-சீ நிலநடுக்கத்தில் தைவானின் செலுங்பு பிளவு சுமார் 100 கி.மீ. நீளத்துக்குத் தரையைக் கிழித்தது. 2,400 பேருக்கு மேல் இறந்தார்கள். பிறகு அந்தப் பிளவினூடே துளையிட்டார்கள். 1,111 மீட்டர் ஆழத்தில் நகர்ந்த தளம் கிடைத்தது. அங்கே மிஞ்சியிருந்த வெப்ப உயர்வு ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உராய்வு 0.85 ஆக இருந்திருந்தால் பன்மடங்கு வெப்பம் வந்திருக்க வேண்டும். கணக்கில் வந்தது 0.1-ஐ ஒட்டிய எண்.

2007-ல் சப்பே உராய்வை அனுமானிக்காமலேயே கண்டுபிடிக்கும் வழியை வெளியிட்டார். ஒரே மலைத்தொடரில் பல இடங்களில் தரைச்சரிவையும் அடிச்சாய்வையும் அளந்து வரைபடமாகக் குறித்தால் ஒரு நேர்கோடு வரும். கோட்டின் சரிவிலிருந்து ஆப்பின் உள்வலிமையும், அடிச்சாய்வு பூஜ்யமாகும் இடத்தில் உள்ள மதிப்பிலிருந்து அடியின் வலிமையும் கிடைக்கும். கற்பனை எண்ணோடு சொன்னால், கோட்டின் சரிவு −0.375 என்றால் உள்வலிமை 0.375 ÷ 0.625 = 0.6. பூஜ்யத்தில் தரைச்சரிவு 2.5 பாகை, அதாவது 0.0436 ரேடியன் என்றால், அடிவலிமை 0.0436 × 1.6 = 0.07. இங்கே இரண்டு வலிமையும் நீரழுத்தத்தின் பங்கையும் உள்ளடக்கியவை, ஆகவே முன்பு வந்த 4.5-ஓடு நேராக ஒப்பிடக் கூடாது. தைவானிலும் நைஜர் டெல்டாவிலும் உண்மையில் இந்த வரிசை எண்கள்தான் வந்தன: உள்ளே வலுவான பாறை, அடியில் 0.1-ஐ எட்டாத மிகப் பலவீனமான பிளவு. அளக்கும் இடங்கள் ஒன்றுபோலவே சாய்ந்திருந்தால் இந்த முறை பயன்படாது. புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்து, கோடு எப்படி வேண்டுமானாலும் சாயும். அடிச்சாய்வில் சில பாகை வேறுபாடாவது வேண்டும்.

அப்படியானால் பிளவு ஏன் பலவீனம்? ஹபர்ட்-ரூபி சொன்ன நீரழுத்தம் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். 2014-ல் யூவும் சப்பேயும் மேற்குத் தைவானின் கிணற்று அழுத்தங்களை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 3 கி.மீ. ஆழம்வரை நீரழுத்தம் சாதாரணமாகவே இருந்தது. செலுங்பு உள்ளிட்ட முக்கியப் பிளவுகள் அந்த மண்டலத்திலேயே ஓடுகின்றன. அதாவது ஆப்பு முழுக்க 0.675 என்று ஒரே விகிதம் வைத்த 1983 அனுமானமும் நிற்கவில்லை. சமன்பாட்டின் வடிவம் தப்பித்தது, அதில் போட்ட எண்களில் இரண்டு மாறின, மாற்றியவர்களில் ஒருவர் அதை எழுதியவரே. நகரும் கணத்தில் மட்டும் பிளவு பலமிழக்கிறது என்ற விளக்கத்துக்கு இதனால் வலு கூடியது. கடலடி ஆப்புகளில் நிலநடுக்கத்தின்போதும் இடைக்காலத்திலும் வலிமை மாறுவதை வாங், ஹூ என்ற இருவர் 2006-லேயே ஆப்புக் கோட்பாட்டுக்குள் சேர்த்திருந்தார்கள்.

தைவான் பற்றிய பெரிய சண்டை இன்னும் முடியவில்லை. மேலோட்டின் மேற்பகுதி மட்டும் அடிப்பிளவின்மேல் உரிந்து குவிகிறது என்பது சப்பேயின் படம். அந்த அடிப்பிளவுக்கு வெகு கீழேயும் நிலநடுக்கங்கள் நடப்பதைக் காட்டி, மேலோடு முழுவதுமே சிதைகிறது என்று 1997-ல் ஃபிரான்சிஸ் வூவும் குழுவும் எதிர்வாதம் வைத்தார்கள். தீவின் மேற்கு மலையடிவாரத்துக்கு ஆப்பு நன்றாகப் பொருந்துகிறது. நடுமலைத்தொடரின் உருமாறிய பாறைகளுக்கு அப்படியே நீட்டுவது சரியல்ல என்றே நான் நினைக்கிறேன். 300 பாகை செல்சியஸைத் தாண்டும் ஆழத்தில் குவார்ட்ஸ் நிறைந்த பாறை உராய்வால் நொறுங்குவதை விட்டு இழைந்து ஓடத் தொடங்கிவிடும். உராய்வுச் சமன்பாடு அங்கே செல்லாது.

உங்கள் முதல் கேள்விக்குச் செய்முறையாக ஒன்று. 1983 ஆப்புக் கட்டுரையை மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் ஒரு ஐம்பதை எடுத்து நான்காகப் பிரியுங்கள்: பெயர் மட்டும் சொன்னவை, சமன்பாட்டில் தங்கள் எண்களைப் போட்டவை, கணிப்பைச் சோதித்தவை, மறுத்தவை அல்லது திருத்தியவை. பிரிக்கும்போது முறைப் பகுதியைப் படியுங்கள், முன்னுரையை நம்பாதீர்கள். 2007-க்குப் பிறகு வந்த கட்டுரை அடி உராய்வை இன்னும் 0.85 என்று எடுத்திருந்தால், அதற்குக் காரணம் சொல்லியிருக்கிறதா பாருங்கள். சொல்லவில்லை என்றால் அதை முதல் குவியலில் போடுங்கள்.